பச்சையில் அறுத்த மேட்டு வயல்

செல்லக்கிளி: காலத் தூக்கு, காலத் தூக்கு! நெல்லு மேல நிக்கிற பாரு.

அன்னக்கொடி: அய்யய்யோ... பாக்கல மதினி. ரோட்டுல இம்புட்டுத் தூரத்துக்கா காயப் போட்டிருக்கீக?

செல்லக்கிளி: வேற எங்க போடச் சொல்ற? பச்ச நெல்லு. பத்து நாளாக் காயுது, இன்னும் காஞ்சுக்கிட்டே இருக்கு. வெயிலுக்குத்தேன் ஒரு கொறையும் இல்லையே. மழை வருது, ஒடனே அறுங்கன்னுல்ல சொன்னாக!

வெள்ளைத்துரை: ஏய்... வந்த புள்ளைய உக்காரச் சொல்லு மொதல்ல.

செல்லக்கிளி: உக்காரட்டும். யாரு வேணாம்னது? ஒங்க தங்கச்சி, ஒங்க வேப்பமரம்.

அன்னக்கொடி: இருக்கட்டும்ண்ணே. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிர்றேன்.

வெள்ளைத்துரை: அப்படி என்ன அவசரம்?

அன்னக்கொடி: சாயங்காலம் சமுதாயக் கூடத்துல கூட்டம். காளவாசல் ஆபீசுல இருந்து சத்யப்ரியா மேடம் வாராக.

செல்லக்கிளி: யாரு, மழைய முன்கூட்டியே சொல்ற ஆபீசா? வரட்டும், வரட்டும். இந்த நெல்லுல ஒரு படி பொங்கிப் போடுறேன். தின்னுட்டுப் போகட்டும்.

அன்னக்கொடி: மதினி...

செல்லக்கிளி: எழுமலை மில்லுக்காரன் ஒரு பிடி அள்ளி ஊதிப் பாத்தான். பாதி பறந்துபோச்சு. இன்னும் எட்டு நாள் நின்னிருந்தா முப்பது மூடைத்தேன். இப்பப் பதினாறு தேறுமான்னே தெரியல.

வெள்ளைத்துரை: பதினேழு.

செல்லக்கிளி: ஆமா, ஒண்ணு கூடிருச்சு. வெடி வாங்கிப் போடுங்க.

அன்னக்கொடி: அதுக்குத்தேன் வந்தேன்...

வெள்ளைத்துரை: வெடி போடவா?

அன்னக்கொடி: வெளையாடாதண்ணே. ஊருக்குச் சொல்லச் சொல்லி ஆபீசுல எங்கிட்டக் குடுத்த போனு இருக்குல்ல, அதுல காலையில மெசேஜ் வந்திருக்கு. ஞாயித்துக்கெழம பெரிய மழை இருக்காம்.

செல்லக்கிளி: இன்னொண்ணா! சிரிக்கவா, அழுகவா?

அன்னக்கொடி: கேளுங்க மதினி. ஓடையோரம் ஏழு வீடு இருக்கு. பாண்டியராஜன் எம்பது ஆட்ட ஓடைக்குள்ளயே அடைச்சு வச்சிருக்கான். சனிக்கெழமைக்குள்ள எல்லாம் மேட்டுக்கு ஏறிறணும். வண்டி வாடகை, ஆட்டுக்குத் தீவனம், அம்புட்டுக்கும் ஆபீசுல மழைக்கு முன்னாடியே பணம் போட்டுருவாக.

செல்லக்கிளி: வீடு முங்குன பெறகு ஒரு மாசம் கழிச்சுக் குடுக்குறதப் பாத்திருக்கேன். முங்குறதுக்கு முன்னாடியே குடுக்குறது இவுகதேன்.

வெள்ளைத்துரை: நல்லதுதான? குடுத்தா வாங்கிக்கிட்டு ஏற வேண்டியதுதான?

அன்னக்கொடி: ஏற மாட்டேங்குறாகண்ணே. பாண்டியராஜன் மூஞ்சிக்கு நேராக் கேக்குறான். "ரோட்டுல வெள்ளைத்துரையண்ணே நெல்லு கெடக்கு, போயிப் பாரு. ஒன் பேச்சக் கேட்டவரு கதி அது"ங்குறான்.

செல்லக்கிளி: சரியாத்தேன கேட்டிருக்கான்?

வெள்ளைத்துரை: அவன் வயலும் அன்னைக்கு அறுத்ததுதான. அவனுக்கென்ன நட்டம்?

அன்னக்கொடி: அவனுக்கு ஒண்ணுமில்ல. கீழ பன்னெண்டு வயலும் வெளஞ்சு நின்னுச்சு. ரெண்டு நாள் முந்தி அறுத்தா என்ன, பிந்தி அறுத்தா என்ன... ஒன் வயலுதேன் பிந்துன நடவு. நட்டம் ஒனக்கு மட்டுந்தேன்.

செல்லக்கிளி: அதுவும் மேட்டு வயலு! கண்மாயே ஒடைஞ்சாலும் அங்கன தண்ணி ஏறாது. அதப் போயி எதுக்கு அறுக்கணும்? சொல்லு, எதுக்கு?

அன்னக்கொடி: அறுப்பு மிஷின் உள்ள போக வேற வழி இல்லையே மதினி. அந்தப் பக்கம் ஓடை. இந்தப் பக்கம் ரோட்ட ஒட்டி ஒங்க வயலு. அத அறுத்துட்டு அது மேல ஏறித்தேன் கீழ எறங்கணும்.

செல்லக்கிளி: தெரியுதுல்ல? அப்புறம் எப்படி ஆபீசுல பணம் குடுக்குற லிஸ்டுல எங்க பேரு இல்லாமப் போச்சு?

அன்னக்கொடி: தண்ணி ஏறுற வயல மட்டும் எழுதச் சொன்னாக. நானும் அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். மிஷின் வந்து ரோட்டுல நின்ன பெறகுதேன் எனக்கே ஒறைச்சுச்சு, வழியே அண்ணன் வயலுதேன்னு. என் தப்புத்தேன்.

செல்லக்கிளி: பன்னெண்டு பேருக்கும் மிஷின் வாடகை வந்துச்சு. வழி விட்ட மனுசனுக்கு...

வெள்ளைத்துரை: விடு செல்லக்கிளி. பழசப் போட்டுக் கிண்டிக்கிட்டு.

செல்லக்கிளி: பத்து நாளு ஆகுது. அதுக்குள்ள பழசாம்ல!

வெள்ளைத்துரை: சரி ஆத்தா, இப்ப நான் என்ன செய்யணும்? அதச் சொல்லு.

அன்னக்கொடி: கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுண்ணே. "அன்னக்கொடி சொல்றத நம்பி ஏறுங்கப்பா"ன்னு. நட்டப்பட்ட ஆளே சொன்னா ஏறிருவாக.

செல்லக்கிளி: அடேங்கப்பா! பட்டது பத்தாதுன்னு வக்காலத்து வேறயா?

வெள்ளைத்துரை: நான் வரல.

அன்னக்கொடி: அண்ணே...

வெள்ளைத்துரை: மாட்டுக்குத் தண்ணி காட்டணும். கெணத்து மோட்டாரு வேற மக்கர் பண்ணுது. வரல.

அன்னக்கொடி: எம்மேல கோவமா?

வெள்ளைத்துரை: கோவமெல்லாம் இல்ல.

செல்லக்கிளி: எனக்கு இருக்கு.

வெள்ளைத்துரை: என்ன ஆத்தா, அப்படியே நிக்கிற? வேற எதுவும் சொல்லணுமா?

அன்னக்கொடி: இல்ல... ஆமா. மதினி, கொஞ்சம் வீட்டுக்குள்ள...

செல்லக்கிளி: எதுக்கு? நெல்ல விட்டுட்டு நான் உள்ள போகவா? லாரிக்காரன் ஏத்திட்டுப் போனா நீயா அள்ளுவ? எதுனாலும் இங்ஙனயே சொல்லு.

அன்னக்கொடி: அன்னைக்கு மிஷின் ரோட்டுல நிக்கையில நீ எங்கிட்டக் கேட்டியேண்ணே...

வெள்ளைத்துரை: என்ன கேட்டேன்?

அன்னக்கொடி: "மழை நிச்சயமா வருமா தங்கச்சி"ன்னு.

வெள்ளைத்துரை: ஆமா. மூணு தடவ கேட்டேன்.

அன்னக்கொடி: மூணு தடவையும் நிச்சயம்னேன். மலையாண்டி, பேயாண்டி, பாண்டியராஜன்னு எல்லாரும் சுத்தி நின்னாக.

வெள்ளைத்துரை: ம்.

அன்னக்கொடி: மெசேஜ்ல அப்படி இல்லண்ணே.

வெள்ளைத்துரை: வேற எப்படி இருந்துச்சு?

அன்னக்கொடி: நூத்துல அறுவதுன்னு இருந்துச்சு.

வெள்ளைத்துரை: சரி, மேல சொல்லு.

அன்னக்கொடி: அதாவது... இப்படி நூறு தடவ மேகம் கூடுனா அறுவது தடவ பேயும். நாப்பது தடவ சும்மா கலஞ்சு போயிரும். அறுவத அறுவதுன்னே ஊருல சொல்லணும், கூட்டியும் சொல்லக் கூடாது, கொறச்சும் சொல்லக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாக. நாந்தேன்...

செல்லக்கிளி: நீதேன்? முழுசாச் சொல்லு.

அன்னக்கொடி: அறுவதுன்னா அண்ணே வழி விடாதுன்னு பயந்துட்டேன் மதினி. நாலு வருசத்துக்கு முன்னாடி பன்னெண்டு வயலும் தண்ணிக்குள்ள படுத்துச்சுல்ல, ஒரு கதிரு மிஞ்சல. அது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. பன்னெண்டுல என் வயலும் ஒண்ணு... வாயில நிச்சயம்னு வந்துருச்சு.

வெள்ளைத்துரை: அப்படியா.

அன்னக்கொடி: பத்து நாளாச் சோறு எறங்கல. இதச் சொல்லாம ஒன்னக் கூட்டத்துக்குக் கூப்புட எனக்கு யோக்கியதை இல்லண்ணே. இப்பச் சொல்லிட்டேன். இந்தப் போன மேடத்துக்கிட்டக் குடுத்துட்டு ஒதுங்கிக்கிறேன். வேற யாராச்சும் பாக்கட்டும்.

வெள்ளைத்துரை: ஞாயித்துக்கெழமைக்கு எம்புட்டுப் போட்டிருக்கு?

அன்னக்கொடி: எழுவத்தஞ்சு.

வெள்ளைத்துரை: அதையே சொல்லு. எழுவத்தஞ்சுன்னு. போன தடவ அறுவதுதான் இருந்துச்சுன்னும் எல்லாருக்கும் முன்னாடி சொல்லு. போனெல்லாம் ஒங்கிட்டயே இருக்கட்டும்.

அன்னக்கொடி: அப்படிச் சொன்னா ஏறுவாகளா?

வெள்ளைத்துரை: பாண்டியராஜன் ஆட்ட மேட்டுக்கு ஏத்தலேன்னா நானே போயிப் பத்தி ஏத்தி விடுறேன். வாரேன் சாயங்காலம்.

அன்னக்கொடி: வாரியா? நெசமாவா? இம்புட்டும் கேட்டுட்டு ஒனக்குக் கோவம் வரலையாண்ணே? அன்னைக்கே அறுவதுன்னு தெரிஞ்சிருந்தா நீ அறுத்திருக்க மாட்டேல்ல?

வெள்ளைத்துரை: ...மோட்டாரப் பாத்துட்டு வந்துர்றேன்.

அன்னக்கொடி: பதில் சொல்லிட்டுப் போண்ணே!

செல்லக்கிளி: அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன் கேளு. மிஷின் வர்றதுக்கு மொத நாளு, பால் டிப்போவுல ஒட்டியிருந்த நம்பரப் பாத்து காளவாசல் ஆபீசுக்குப் போனப் போட்டுக் குடுத்ததே நாந்தேன். நூத்துல அறுவதுன்னு அந்தப் புள்ள சொன்னத ரெண்டு பேருமேதேன் கேட்டோம். "கீழ பன்னெண்டு வயலு, நம்மது ஒண்ணு"ன்னாரு ஒங்கண்ணேன். நானும் சரின்னுட்டேன். ஒன் வாயால நெசம் வருமான்னு பாக்கத்தேன் மறுநாளு மூணு தடவ கேட்டாரு. நெல்லு போனது வயித்தெரிச்சல்தேன், இல்லேங்கல. ஆனா நெசத்தச் சொன்னா ஒங்கண்ணேன் வழி விடமாட்டாருன்னு நெனச்ச பாரு அன்னக்கொடி... அதத்தேன் எங்க ரெண்டு பேருக்கும் தாங்க முடியல.