கடைசித் தாளில் பென்சிலால்

இந்த மாதம் வாசித்தவற்றில் ஒரேயொரு நாவல்தான் தேறியது. மற்றவையெல்லாம் சப்பென்று இருந்தன. போன கிழமை பக்கத்து வளவில் ஜெனரேற்றர் போட்டு ஒரு படம் காட்டினார்கள். அரைவாசியில் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. மிச்சத்தைப் பார்க்காததில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அதற்குள்ளேயே கதாநாயகன் மூன்று தரம் அழுதுவிட்டான்.

இதையெல்லாம் இந்த மனுசன் ஏன் எனக்கு எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள், கனிசியஸ். பிரான்சிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்விதான்: உங்கள் மனைவி மக்டலீன் சாகுமுன் உங்கள் கடிதங்களை வாசித்தாரா என்று. பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் வாசகசாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பதில் விளங்காது.

முத்துக்குமாரு வாசகசாலை, என் பெயரிலேயே, பாசையூர்ப் பக்கம். இரண்டு அறை, எண்ணூறு புத்தகம். மின்சாரம் போய் மூன்று வருடம் என்றபடியால் ஊரே ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தது. எடுத்துப் போகிறவர்கள் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும் என்பது என் ஒழுங்கு. பென்சிலால் மட்டும். பேனையால் எழுதினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். பெரும்பாலானோர் ‘நல்லம்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் தப்பிவிடுவார்கள்.

மக்டலீன் அப்படியல்ல. குருநகரில் ஷெல் விழுந்து உங்கள் வீடு போனபிறகு, அவர் அயல்வீட்டு மரியநாயகி மாமியோடு இங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார். முதலில் எடுத்த புத்தகத்திலேயே எழுதினார்: ‘கடலைக் கண்ணாலும் காணாத ஆள் எழுதின கதை. வெள்ளை உடுப்போடை ஆர் வலை இழுக்கிறது?’ நான் தனியே இருந்து சிரித்தேன். என் அக்கா குடும்பம் கனடா போனபிறகு வாசகசாலை இருக்கும் இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. அதற்குக் கீழே நான் ஒரு வரி எழுதினேன். அவர் பதில் எழுதினார். தனிமையில் கிடந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இடம்பெயர்ந்து திரிகிறவர்களுக்கு நிலையான விலாசம் ஏது? பலருடைய கடிதங்கள் என் வாசகசாலை விலாசத்துக்கே வந்தன. கொழும்பிலிருந்து கிளாலி வழியாக வள்ளத்தில் வரும் சந்தியோகு கட்டாகக் கொண்டுவந்து தருவார். உங்கள் முதல் இரண்டு கடிதங்களையும் மக்டலீனின் கையிலேயே கொடுத்தேன். அதை நீங்கள் மறக்கக் கூடாது. கொடுத்த இரண்டு முறையும் அவர் புத்தகம் எடுக்காமல் போனார். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றாவது கடிதத்தின் உறையைத் திறந்தது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாசித்துப் பழகிய கை. விசா சரிவந்துவிட்டது, ஓகஸ்ட் முடியமுன் கொழும்புக்கு வரவேண்டும், உங்கள் அண்ணை செபநாயகம் கொட்டாஞ்சேனையில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாள் கழித்துக் கொடுக்கலாம் என்றுதான் எடுத்து வைத்தேன். அன்று பின்னேரம் மக்டலீன் வந்தார்.

“ஏதும் வந்ததோ அண்ணை?”

“இல்லைத் தங்கச்சி.”

“சந்தியோகண்ணை வந்தவராமே.”

“வந்தவர்தான். உமக்கு ஒண்டும் இல்லை.”

“அப்ப ஒரு புத்தகம் தாங்கோ. தடிச்சதாப் பாத்துத் தாங்கோ.”

அதற்குப் பிறகு நாள்தோறும் வந்தார். முதலில் கடிதம் கேட்பார். இல்லையென்றதும் இருந்து, வாசித்ததைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார். என் சீவியத்தில் அதைவிட நல்ல நாட்கள் இருந்ததில்லை. உங்கள் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கடிதங்களும் என் அலுமாரிக்குள் போயின. உங்களுக்கு அனுப்பச் சொல்லி அவர் தந்த மூன்றும் அங்கேதான் போயின.

அவருடைய மனம் பழகட்டும் என்று நானே பார்த்துப் பார்த்துக் கதைகள் எடுத்துக் கொடுத்தேன். கடல் கடந்து போய்ப் பெண்சாதியை மறந்தவனின் கதை, போன இடத்தில் வேறு குடும்பம் வைத்தவனின் கதை. எல்லாவற்றின் பின்னாலும் அவர் எழுதியது ஒன்றுதான்: ‘நம்பேலாது. உவன் எழுதியிருப்பான்.’ ஒரு வாசகியாக அவரிடம் நான் கண்ட ஒரே குறை அது.

ஓகஸ்ட் போய்விட்டது. ஒக்டோபரில் ஒரு காலை பொம்மர் விமானம் வந்தது. அவர் அப்போது என்னிடம் வரத்தான் வெளிக்கிட்டிருந்தார். பங்கருக்குள் இறங்கச் சொல்லி மரியநாயகி மாமி கையைப் பிடித்து இழுத்தாராம். “சந்தியோகண்ணை நேற்று வந்தவராம், ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வாறன் மாமி” என்றாராம். குண்டு என் வாசகசாலைக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் விழுந்தது. குண்டு போட்டது நானல்ல. அதை நீங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும்.

அவர் கையில் இருந்த புத்தகத்தை எட்டுச் செலவுச் சடங்குக்குப் பிறகு மாமி கொண்டுவந்து தந்தார். மட்டையில் மட்டும் கறை. தாள்களுக்குச் சேதமில்லை. கடைசித் தாளில் எழுதியிருந்தார்: ‘அரைவாசிதான் முடிஞ்சுது. எண்டாலும் எழுதியிருப்பான்.’

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. முதல் இரண்டைத் தவிர மற்ற நான்கையும் அவர் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன், ஒவ்வொன்றையும் பல தரம். சந்தியோகு மூலம் திருப்பி அனுப்புகிறேன். அவர் உங்களுக்கு எழுதிய மூன்றையும் நான் வைத்துக்கொள்கிறேன், அவற்றை இன்னும் ஆறுதலாக வாசிக்க வேண்டும். உங்களுடைய மூன்றாவது கடிதம் அவசரத்தில் எழுதியது, நடை சுமார். ஆறாவதில் ‘என்னோடை கோவமோ’ என்று கேட்கிற இடம் மிக நன்று. எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் என் அபிப்பிராயத்தை எழுதியிருக்கிறேன், பென்சிலால்தான். நேரம் கிடைத்தால் அதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இப்போது இங்கே எனக்குக் கதைக்க ஆளில்லை.