குஞ்சு பொரிக்கிற மாசத்துல வெட்டின புல்

வெர்லின்: முட்செடி, ஜனெல். மண்டிப்போச்சு, வெட்டிட்டேன். இதுக்குப்போய் அரசாங்க விவசாய ஆபீஸ்ல இருந்து நீ இவ்வளவு தூரம் வரணுமா?

ஜனெல்: முட்செடி நேர்கோட்டுலயா முளைக்கும்?

வெர்லின்: என் நிலத்துல முளைக்கும்... காபி ஆறுது, குடி.

ஜனெல்: விமானத்துல இருந்து எடுத்த படம் இது. எண்பது ஏக்கர் புல்லு, நடுவுல வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு.

வெர்லின்: நல்ல படம். என் வீடு கூட அழகா விழுந்திருக்கு.

ஜனெல்: விளையாடாதீங்க. உழாம, வெட்டாம, புல்லா விட்டு வைக்கத்தான் அரசாங்கம் உங்களுக்கு வருஷாவருஷம் பணம் குடுக்குது. ஆகஸ்ட் வரைக்கும் காட்டுக்கோழி குஞ்சு பொரிக்கிற நேரம். தெரியாதா?

வெர்லின்: பதினெட்டு வருஷமா தெரியும்.

ஜனெல்: ஒப்பந்தம் போச்சுன்னா? இந்த முட்டிவலியோட மறுபடி மக்காச்சோளம் போடப் போறீங்களா?

வெர்லின்: அந்தப் பேச்சே வேண்டாம். அந்தச் சரிவுல சோளம் போட்டு, மழைக்கு மண்ணு பூரா ஓடைக்குப் போனதைப் பாத்தவன் நான். இப்போ கதவைத் திறந்தா குருவிச் சத்தம். சந்தோஷமா இருக்கேன்.

ஜனெல்: அப்போ உள்ளதை எழுதுங்க. உள்ளதை எழுதினா அந்தத் துண்டுக்கு மட்டும் பணத்தைப் பிடிப்பாங்க. பொய் எழுதினாத்தான் ஒப்பந்தமே போகும்.

வெர்லின்: உள்ளதுதான். நான் வெட்டினேன்.

ஜனெல்: எதை வெச்சு?

வெர்லின்: டிராக்டரை வெச்சு. பல்லால கடிச்சா வெட்டுவாங்க?

ஜனெல்: உங்க டிராக்டர் வெட்டினா பத்தடி அகலம் இருக்கும். இப்பத்தான் அளந்துட்டு வர்றேன், மூணரை அடி.

வெர்லின்: ...கேக் எடுத்துக்க.

ஜனெல்: புளிப்பா ருபார்ப் தண்டு போட்ட கேக். யாரு செஞ்சது?

வெர்லின்: கடையில...

ஜனெல்: இதுல ஜாதிக்காய் போடுறது இந்த அயோவா மாநிலத்துலயே எங்கம்மா ஒருத்தங்கதான். அந்தக் கோடு போய் முடியறதும் எங்கம்மா வீட்டுப் பின்வாசல்ல.

வெர்லின்: உங்கம்மா ஆர்டிஸ் எனக்குப் பக்கத்து வீடு. ஒரு கேக் குடுக்கிறது தப்பா?

ஜனெல்: ரோட்டு வழியா கார்ல வந்து குடுக்கலாமே?

வெர்லின்: இங்க கார் நின்னா ஊரே பாக்கும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கல்யாணத்துக்கே நாள் குறிச்சிருவாங்க.

ஜனெல்: புல் வெட்டுற வண்டியில பெல்ட் அறுந்துபோச்சு, மாத்திக் குடுன்னு போன வாரம் அம்மா கூப்பிட்டாங்க. கவுத்துப் பாத்தா பிளேடு பூரா நீள நீளமா காட்டுப் புல்லு. அவங்க முற்றத்துல அது ஏது?

வெர்லின்: ஜனெல்... ஆபீஸ் காகிதத்துல ஆர்டிஸ் பேரு வரக்கூடாது. எவ்வளவு பிடிச்சாலும் பிடிக்கட்டும், என் தலையில போடு.

ஜனெல்: எங்கம்மா சம்பந்தப்பட்டா நான் இந்த ஃபைலையே தொடக்கூடாது. நாளைக்கு வேற ஆள் கையில குடுத்துருவேன். இப்போ கேக்கிறது மகளா... அப்பா போனதுல இருந்து அம்மா பாடி நான் கேட்டதில்லை. பெல்ட் மாத்தும்போது பக்கத்துல நின்னு முணுமுணுத்துக்கிட்டிருந்தாங்க.

வெர்லின்: பாடினாங்களா? என்ன பாட்டு?

ஜனெல்: பேச்சை மாத்தாதீங்க. அவங்கதானே வெட்டினாங்க? 'எனக்குத் தெரியாம வேற ஒருத்தர் வெட்டினது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுதானே உண்மை?

வெர்லின்: பாதி உண்மை.

ஜனெல்: மீதி?

வெர்லின்: பெல்ட் அறுந்தது புல்லுக்கு நட்டநடுவுல, பாதி வழியில. மறுநாள் அவங்க இடுப்பளவு புல்லுல நடந்தே வந்தாங்க, கையில கேக்கோட... அதனால மீதிப் பாதியை, கூடு இருக்கான்னு குனிஞ்சு பாத்துப் பாத்து, மூணு நாளா அரிவாளால நான்தான் வெட்டினேன்.