ஏணி ஏன் கத்தவில்லை?

கோச்: ...அதுவும் பட்டப்பகல்ல! ஆறு பொண்ணுங்க, துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டு, கோர்ட் முழுக்க முட்டி மோதிக்கிட்டு! கூட வந்த ஸ்பான்சர் என்னைப் பார்த்து, "இது பாஸ்கெட்பால் டீமா, பர்த்டே பார்ட்டியா?"ன்னு கேக்கறார்.

கேப்டன்: நீங்க என்ன சொன்னீங்க கோச்?

கோச்: கேக் வெட்டும்போது கூப்பிடறேன்னு சொன்னேன். வேறென்ன சொல்லச் சொல்றே? கதவைச் சாத்து. உக்காரு.

கேப்டன்: எங்கே உக்கார்றது? நாற்காலி பூரா பந்து.

கோச்: காத்துப் போன பந்துதான், கீழே தள்ளு. ஏய்... அந்த அட்டைப்பெட்டியைத் தொடாதே!

கேப்டன்: ஏன், உள்ளே பாம்பா?

கோச்: ஷூ.

கேப்டன்: பெட்டி படகு மாதிரி இருக்கே... யாருக்கு?

கோச்: யாருக்கோ. விஷயத்துக்கு வரேன். நம்ம உயரக்காரி ஏணியை மறுபடி டீமுக்கு எடுக்கலாமா, வேண்டாமா? சாயங்காலம் ஆறு மணியோட ஆள் மாத்தற கெடு முடியுது. அதுக்கு மேல இந்த சீசன்ல யாரையும் தொட முடியாது. நீ கேப்டன். உன் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு...

கேப்டன்: எடுக்கலாம்.

கோச்: யோசிச்சு சொல்லும்மா.

கேப்டன்: யோசிச்சாச்சு. எடுக்கலாம்.

கோச்: டீக்கு சர்க்கரை போடலாமான்னு கேட்டாகூட இதைவிட அதிக நேரம் எடுத்துப்பியே நீ!

கேப்டன்: போன வாரம் இதே ரூம்ல, "ரிங்குக்குக் கீழே ஏணி வேணும், ஏணி வேணும்"னு குதிச்சது யாரு? உங்க ஆவியா?

கோச்: போன வாரம் அவ விளையாடின வீடியோ வரலை. இப்ப வந்திருக்கு. முழுசா பார்த்தேன். பார்க்க முடியலைம்மா... நம்ம ஏணியா இதுன்னு ஆயிடுச்சு.

கேப்டன்: ம்...

கோச்: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்கிருந்து போனப்ப எப்படி இருந்தா? ரிங்குக்குக் கீழே அவ நின்னா, எதிர் டீம் பொண்ணுங்க பந்தைத் தூக்கறதுக்கே பயப்படும். இப்ப? பந்து உள்ளே விழுந்தப்புறம் வந்து கையைத் தூக்கறா. பஸ் போனதுக்கப்புறம் கை காட்டற மாதிரி.

கேப்டன்: அரை எட்டுதான் கோச் லேட்டு.

கோச்: அந்த அரை எட்டுலதான் நம்ம பொழைப்பே இருக்கு! லேட்டா வந்து இடிக்கறா, ஃபவுல். மறுபடி இடிக்கறா, மறுபடி ஃபவுல். அஞ்சு ஆனா வெளியே போகணும். பாதி ஆட்டம் பெஞ்சுல துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. முட்டி போயிருக்கும்.

கேப்டன்: முட்டி நல்லாத்தான் இருக்கு.

கோச்: நீ என்ன டாக்டரா?

கேப்டன்: முட்டி போனவ எப்படி ஓடுவான்னு முட்டி போன எனக்குத் தெரியாதா? அவ லேட்டா வர்றதுக்குக் காரணம் கால் இல்லை. வாய்.

கோச்: வாயா?

கேப்டன்: ஏணி விளையாடறதே வாயாலதானே? எல்லாருக்கும் பின்னாடி நிக்கறவ. கோர்ட் முழுக்க அவ கண்ணுல இருக்கும். "கேப்டன் அக்கா, இடது பக்கம் ஆள்!" "குட்டி, அவளை விடாதே!" "பின்னாடி வரா பார்!" ...ஆட்டம் முடியற வரைக்கும் காய்கறி விக்கற மாதிரி கத்துவா. நாங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அவ சொன்ன பக்கம் கால் தானா நகரும். அங்கே அவ கத்தறதே இல்லை. மத்தவங்களுக்குச் சொல்லாததால, எல்லா ஓட்டையையும் அடைக்க அவளே ஓடறா. நாலு கதவுக்கும் ஒருத்தியே ஓடினா, ஏதோ ஒரு கதவுக்கு லேட்டாத்தான் போவா. என்ன அப்படிப் பார்க்கறீங்க?

கோச்: அந்த வீடியோவுல சத்தமே கிடையாது.

கேப்டன்: என்னது?

கோச்: மைக் கெட்டுப்போச்சுன்னு ஊமைப் படமாத்தான் அனுப்பியிருந்தாங்க. அவ கத்தலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

கேப்டன்: ...வாய் அசையலையே.

கோச்: பாதி நேரம் அவ முதுகுதான் தெரியுது அதுல. கதை விடாதே. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பல்வலின்னு சொல்லி பிராக்டிஸுக்கு மட்டம் போட்டியே... பல்லு எந்த ஊர்ல வலிச்சுது?

கேப்டன்: ...நாலு மணி நேரம் பஸ்ல போனா வர்ற ஊர்ல.

கோச்: அப்படி வா வழிக்கு!

கேப்டன்: கேலரியில கடைசி வரிசை. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஓரமா உக்காந்திருந்தேன். எதிராளி ஒருத்தி பின்பக்கமா நழுவி வரா. ஏணி பார்த்துட்டா. வாயைத் திறந்தா. மூச்சை இழுத்தா. அப்புறம்... மூடிக்கிட்டா கோச். எனக்கே எழுந்து கத்தணும் போல இருந்தது.

கோச்: கத்தினியா?

கேப்டன்: பக்கத்துல இருந்தவர் காதைப் பொத்திக்கிட்டு வேற இடத்துக்குப் போயிட்டார்.

கோச்: ஹ... ஆட்டம் முடிஞ்சப்புறம் அவகிட்ட பேசினியா?

கேப்டன்: ...டிரெஸ்ஸிங் ரூம் வாசல் வரைக்கும் போனேன்.

கோச்: போயி?

கேப்டன்: திரும்பிட்டேன். எந்த முகத்தோட நிக்கறது? இங்கிருந்து போன புதுசுல தினம் போன் பண்ணினா. முதல்ல எடுத்தேன். அப்புறம் பிராக்டிஸ், முட்டி வலி, அது இதுன்னு... நாளைக்குப் பேசிக்கலாம், நாளைக்குப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். ஒரு நாள் அவளும் நிறுத்திட்டா. அவ பேச்சை முதல்ல கேக்காமப் போனது நான்தான்னு வாசல்ல நிக்கும்போது தோணிச்சு.

கோச்: நீ என்னம்மா பண்ணுவே... அவளை அனுப்பினதே தப்பு. பாயின்ட் போடறவ வேணும், தடுக்கறவ வேண்டாம்னு சேர்மன் சொன்னப்ப நான் மேஜையைத் தட்டியிருக்கணும். டீயைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். சரி, ஏன் கத்தறதில்லையாம்?

கேப்டன்: அவங்க டீம் பஸ் டிரைவர்கிட்ட விசாரிச்சேன். முதல் மேட்ச்லயே வழக்கம் போல கத்தியிருக்கா. அவங்க ஸ்டார் பிளேயர் திரும்பி, கேலரி பூரா கேக்கற மாதிரி, "நீ விளையாட வந்தியா, கமென்ட்ரி சொல்ல வந்தியா?"ன்னு கேட்டாளாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அன்னியோட சரி.

கோச்: அடப்பாவமே...

கேப்டன்: சீசன் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிடப் போறாங்களாம். அதையும் டிரைவர்தான் சொன்னார். அப்படி அனுப்பினவளை அப்புறம் எந்த டீம் எடுக்கும்? நாம எடுக்கலைன்னா ஏணிக்கு அதுதான் கடைசி கோர்ட்டு.

கோச்: ...இது எனக்குத் தெரியாது.

கேப்டன்: இப்ப தெரிஞ்சுதில்ல? எடுங்க.

கோச்: இரு, இரு! இங்கே வந்தா மட்டும் கத்திடுவாளா? அவ குரலுக்கு முதல்ல நகர்ந்தது நீ. உன்னைப் பார்த்து மத்தவங்க நகர்ந்தாங்க. அந்த டீம் இப்ப எங்கே இருக்கு? எல்லாம் புதுசு. பின்னாடி குரல் கேட்டா, "என்னக்கா கூப்பிட்டீங்களா?"ன்னு திரும்பி நிக்கும் இதுங்க.

கேப்டன்: நிக்காது.

கோச்: எப்படிச் சொல்றே?

கேப்டன்: துண்டு எதுக்குக் கட்டினேன்னு நினைச்சீங்க? கண்ணைக் கட்டிட்டு, பின்னாடி நின்னு நான் கத்துவேன். இடதுன்னா இடது, வலதுன்னா வலது. முதல் நாள் ரெண்டு பேருக்கு மூக்கு வீங்கிப்போச்சு. இப்ப ஒருத்தியும் திரும்பறதில்லை. குரல் வந்ததும் கால் போகுது. ஏணி வந்து வாயைத் திறந்தா போதும்.

கோச்: அடி கள்ளி! இத்தனை நாளா இதைத்தான்...

கேப்டன்: பர்த்டே பார்ட்டி.

கோச்: கெட்டிக்காரிதான்... ஆனா வேண்டாம்மா. சொன்னாக் கேளு. "வேண்டாம்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கேப்டனுக்கு இஷ்டமில்லைன்னு சேர்மன்கிட்ட சொல்லி இதோட முடிச்சுடறேன்.

கேப்டன்: ஷூ பெட்டியைத் திறக்கட்டுமா?

கோச்: அது எதுக்கு இப்ப?

கேப்டன்: இந்த அளவு ஷூ போடற பொண்ணு எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். கடையில சொல்லிவெச்சுத்தான் வாங்கணும். இஷ்டமில்லாதவர் முன்கூட்டியே ஷூ வாங்கி வெப்பாரா? நேத்து வரைக்கும் எடுக்கறதாத்தான் இருந்திருக்கீங்க. இன்னிக்கு என்னமோ ஆயிருக்கு. என்ன கோச் ஆச்சு? சொல்லுங்க.

கோச்: காலையில அவங்க கிளப்லேர்ந்து பதில் வந்தது. அவளைச் சும்மா விட மாட்டாங்களாம். பதிலுக்கு ஒரு ஆளைக் கேக்கறாங்க.

கேப்டன்: யாரை?

கோச்: விடேன்.

கேப்டன்: யாரை கோச்?

கோச்: ...உன்னை.

கேப்டன்: ம்.

கோச்: என்ன "ம்"? பன்னெண்டு வருஷம்! உன்னைச் சின்னப் பொண்ணா கூட்டிட்டு வந்தவன் நான். காலையிலேர்ந்து தலையில இடி விழுந்த மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன்... "ம்"மாம்!

கேப்டன்: எனக்குத் தெரியும் கோச்.

கோச்: யார் சொன்னா? சேர்மனா?

கேப்டன்: யாரும் சொல்லலை. அவங்க கோச்சுக்கு போன் பண்ணி, "என்னை எடுத்துக்கிட்டு ஏணியை விடுங்க"ன்னு கேட்டதே நான்தான்.

கோச்: ...உனக்கென்ன பைத்தியமா?

கேப்டன்: அவங்களுக்கு தூரத்துலேர்ந்து பந்து போட ஆள் வேணும். நின்ன இடத்துலேர்ந்து போட மணிக்கட்டு போதும், முட்டி வேண்டாம். எனக்கு மிஞ்சிப் போனா ரெண்டு சீசன். அவ சின்னவ, இன்னும் எவ்வளவோ இருக்கு. மத்தியானமே சேர்மன் ரூம்ல கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன். இனி உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

கோச்: அப்ப இவ்வளவு நேரம் என்னை ஏன் பேச விட்டே? வேடிக்கை பார்த்தியா?

கேப்டன்: இல்லை. ஏணி வேணும்னு உங்க மனசுல இருக்கான்னு பார்த்தேன். எனக்கு பதிலா வந்தவதானேன்னு ஒரு நாள் நீங்க அவளை முறைச்சுட்டா போதும், மறுபடி வாயை மூடிப்பா. அது நடக்கக் கூடாது. ஷூவைப் பார்த்ததும் தைரியம் வந்துடுச்சு. இந்தாங்க பேனா.

கோச்: கை வரலைம்மா.

கேப்டன்: ஆறு மணிக்கு மேல கை வந்து என்ன பிரயோஜனம்? போடுங்க கோச்.

கோச்: ...போட்டாச்சு.

கேப்டன்: அவ்வளவுதான். கொஞ்சம் சிரிங்களேன். அந்த டீமோட நமக்கு மேட்ச் வரும்போது நான் எதிர்ப்பக்கம் ஓடி வருவேன். "கேப்டன் அக்கா வராங்க, விடாதே!"ன்னு ஏணி கத்துவா. என்னைத் தடுக்கத்தான் கத்துவா. இருந்தாலும் கேக்க நல்லாத்தான் இருக்கும்.

கோச்: எழுந்துக்காதே. உக்காரு. இன்னொண்ணு இருக்கு... கையெழுத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா நீ என்னைப் போட விட்டிருக்க மாட்டே. அவ வீட்டுக்குப் போயிருப்பா. அதனாலதான்...

கேப்டன்: என்ன கோச்? பயமுறுத்தாதீங்க.

கோச்: நேத்து சாயங்காலம் ஏணிகிட்ட போன்ல பேசினேன். வரியான்னு கேட்டேன்.

கேப்டன்: என்ன சொன்னா? என் மேல கோவமா இருக்காளா?

கோச்: நான் பேசப் பேச வெறும் "ம்"தான் வந்தது. லைன் கட்டாயிடுச்சோன்னுகூட நினைச்சேன். கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டா. "கேப்டன் அக்கா இன்னும் அங்கேதானே இருக்காங்க?"ன்னு.

கேப்டன்: ...நீங்க?

கோச்: இந்த விலை எனக்கு அப்பத் தெரியாதேம்மா! "அவ எங்கே போவா? உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா. முன்னாடி அவ, பின்னாடி நீ, பழைய மாதிரியே"ன்னு சொல்லிட்டேன்... அப்ப கத்தினா பாரு! போனைக் காதுலேர்ந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. அதேதான்... அதே பழைய குரல்.