மலேசியக் காட்டில் கேட்ட வெடி

"எனக்க மானம் மலேசியாவுல போச்சு மக்கா."

கீரிப்பாறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்னார். மலேசியாவில் வேலை, லீவில் வந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய சின்ன வயசுக் கூட்டுக்காரர், சட்டையெல்லாம் ரப்பர் பால் கறை.

"என்ன ஆச்சு?"

"ஒரு ராத்திரி காட்டுல தங்கி நடக்கணும்னு ஒரு கூட்டத்தோட போனேன். கூட எட்டு வெள்ளைக்காரனுவ. நான் மலையில பொறந்தவன்லா, அந்தத் திமிருல முன்னால நடந்தேன்."

"ராத்திரி பயந்துட்டியா?"

"ராத்திரி நல்லா ஒறங்கினேன். மறுநாள் வெயில் ஏறி திரும்பி வாறோம், டப்புன்னு ஒரு சத்தம். யாரோ சுடுதான்னு சகதியில குப்புற விழுந்துட்டேன். வெள்ளைக்காரனுவ நின்னு பாக்கானுவ."

"யாரு சுட்டா?"

"ஒருத்தரும் சுடல. காட்டு ஓரத்துல பழைய ரப்பர் மரம். வெயிலுல காய் காஞ்சு வெடிச்சிருக்கு."

கூட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டு பக்கமும் ரப்பர்தான்.

"ஒனக்க அப்பா முப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டினவருல்லா?"

"ஆமா."

"நாம அந்தக் கொட்டையப் பொறுக்கி வெளையாடினோம்."

"அதான் சொல்லுதேன். கூட வந்த கைடு என்னைத் தூக்கி நிறுத்தி, ரப்பர் மரம்னா என்னன்னு பொறுமையா வெளக்கிச் சொன்னான். பொறவு எந்த ஊருன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"சென்னைன்னு சொன்னேன்."