குருத்துல எண்ணெய் ஊத்தாதீங்க சார்

ஐயையோ, கையை எடுங்க சார், கையை எடுங்க! கவுக்கக் கூடாது அதை! தொட்டியச் சொல்லல, செடியச் சொல்றேன். நடுவுல கிண்ணம் மாதிரி தண்ணி நிக்குதே, அது தேங்கின தண்ணி இல்ல... அதாவது, தேங்கினதுதான், ஆனா அது அதோட சாப்பாடு. வேரு சும்மா பிடிச்சுக்கிறதுக்கு. குடிக்கிறது எல்லாம் இந்தக் கிண்ணத்துலேர்ந்துதான். நீங்க கொசு ஒழிப்பு ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க, டார்ச் வெச்சிருக்கீங்க, பூட்ஸ் போட்டிருக்கீங்க, எல்லாம் சரி. கொசுப்புழு சாக ஊத்துற அந்த எண்ணெய் பாட்டில மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வைங்க.

பேரா? புரோமிலியாட். பயப்படாதீங்க, அன்னாசிப்பழம் தெரியும்ல? அதுக்குச் சித்தப்பா பெரியப்பா புள்ளைங்க இதெல்லாம். பழம் மட்டும் தராது, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் கூட அதைத்தான் கேப்பாரு, "எதுக்கும் உதவாத சொந்தக்காரங்களா பாத்து வீட்ல சேக்கிறியே"ன்னு. அவரு பேசுவாரு சார். பால்கனியில நாற்காலி போட இடமில்லன்னு காபிய நின்னுக்கிட்டே குடிக்கிறாரு. குளிக்கப் போனா பாதி இடத்துல இதுங்க நிக்கும், ஓரமா ஒதுங்கிக் குளிப்பாரு. அதுக்கென்ன, ஒல்லியான மனுஷன்தானே!

அட, அதத் தொடாதீங்க, முள்ளு! ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கும். அதனாலதான் எங்க வீட்டுக்காரர் இதுக்கு அவங்க அம்மா பேர வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நானில்ல சார், அவரேதான் சொல்றாரு! ஆனா இன்னும் பேரே வைக்கல. பூத்தாதான் வைக்கணும். இதுக்கு உலகத்துல இன்னும் பேரே கிடையாது, தெரியுமா? ஏன்னா இது உலகத்துலயே கிடையாது. இந்தத் தொட்டியில மட்டும்தான் இருக்கு. நான் பண்ணினது!

எப்படின்னா... அம்மா செடி பட்டை பட்டையா இருக்கும். அப்பா செடி கத்திரிக்கா கலரு. ரெண்டும் ஒரே சமயத்துல பூக்கணுமே! ஒண்ணு பூத்தா இன்னொண்ணு தூங்கும். கடைசியா ஒரு நாள் ரெண்டும் சேந்து பூத்துச்சு. விடியக்காலையில எந்திரிச்சு, எம் பொண்ணு கண்ணுக்கு மை தீட்டுற பிரஷ் இருக்குல்ல, அத எடுத்து மகரந்தத்த இங்கேர்ந்து தொட்டு அங்க வெச்சேன். நானே தரகர், நானே சம்பந்தி. எம் பொண்ணு அன்னைக்குப் பூராவும் எங்கிட்ட பேசல. பிரஷ் மஞ்சளாயிடுச்சாம். போகட்டும். ஒரு தட்டு நிறைய நாத்து வந்துச்சு சார். பாதி செத்துச்சு, மீதி வெறும் பச்சை, சோம்பேறிப் பச்சை. இது ஒண்ணுதான் இப்படி வந்துச்சு. வெளிச்சத்துல பாருங்க, கத்திரிக்கா கலர்ல வெள்ளிப் பட்டை! அஞ்சு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். இப்பதான் குருத்து செவக்குது. இந்த வாரம் பூத்துடும்.

இது ஒரே தடவதான் பூக்கும் சார். பூத்து, பக்கத்துல குட்டி விட்டுட்டு, தாய்ச்செடி போயிடும். இப்பப் போயி குருத்துல எண்ணெய ஊத்துனா மூச்சு முட்டி அழுகிடும். பூவும் இல்ல, குட்டியும் இல்ல. எனக்கு அழுகையே வந்துடும், சொல்லிட்டேன்.

இதெல்லாம் யாரு பண்ற வேலைன்னு எனக்குத் தெரியும். மேல் வீட்டுப் பல் டாக்டர்! லிஃப்ட்ல, நாலு பேரு முன்னாடி, "உங்க செடியெல்லாம் கொசுப் பண்ணைம்மா"ங்கிறாரு. என்னப் பாத்து! அவரு மட்டும் மொட்டை மாடியில டிரம் நிறைய மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருக்காரு, அதக் கேக்க ஆளில்ல. நீங்க மொதல்ல அங்க போங்க சார். போங்க, நான் கதவத் தெறந்தே வெக்கிறேன்.

போயிட்டுத்தான் வந்தீங்களா? மூடி இருக்கா... சுத்தமாவா இருக்கு? ஒரு புழு கூட இல்லையா? நல்லாப் பாத்தீங்களா, டார்ச் அடிச்சு?

சரி, சரி. அப்ப அவருதானே உங்களுக்கு போன் பண்ணினாரு? ...அவரு இல்லையா? லேடீஸா? பேரு சொல்லலையா... ஓ. மூக்கடைச்ச மாதிரி குரலா... ஊர்ல யாருக்குத்தான் ஜலதோஷம் இல்ல சார், இந்தச் சீதோஷ்ணத்துல...

அப்படிப் பாக்காதீங்க. ஆமா, நான்தான்! மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் பேசினேன். லிஃப்ட்ல அசிங்கப்பட்ட கோவம். டிரம்ம மட்டும் சொன்னா நான்தான்னு தெரிஞ்சுடுமேன்னு, "ஒரு வீடு விடாம பாருங்க"ன்னு நானே சேத்துச் சொன்னேன். எங்க வீடும் அதுல ஒரு வீடுன்னு அப்பத் தோணல சார்!

என்ன, எங்க காட்டுறீங்க... அதுவா? தூசி. தூசி நெளியாதா? காத்தடிச்சா நெளியும்... சரி, புழுதான். எங்குருத்துலயேவா! வேணாம் வேணாம், பாட்டில எடுக்காதீங்க. நானே கழுவி விடுறேன், வேகமாத் தண்ணி அடிச்சா எல்லாம் வெளியில வந்துடும், செடிக்கும் நல்லது. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. ...குடுக்கிறீங்களா? நல்லா இருப்பீங்க!

ஆனா குழாத் தண்ணி ஆகாதே. இந்த பில்டிங் தண்ணி ஒரே உப்பு. மொட்டு கருகிடும். ஜன்னல்ல பாத்திரம் வெச்சு நான் பிடிச்ச மழைத்தண்ணி எல்லாம் தீந்து போச்சு. மழைத்தண்ணி இப்ப... மேலதான் இருக்கு.

சார், நீங்களே ஒரு வாளி கேட்டு வாங்கித் தாங்களேன். நான் போன் பண்ணினத மட்டும் சொல்லிடாதீங்க. ...நான்தான்னு அவருக்கு ஏற்கெனவே தெரியுமா? என்ன சொன்னாரு? திட்டினாரா?

...அவரா அப்படிச் சொன்னாரு? "கீழ் வீட்டம்மா செடி பூக்கப் போகுது, அங்க மட்டும் எண்ணெய் ஊத்தாதீங்க"ன்னா?

நான்தான் பில்டிங் பூராவும் தமுக்கு அடிச்சேனே, பூக்கப் போகுது பூக்கப் போகுதுன்னு. அவரும் கேட்டிருப்பாரு. அத மனசுல வெச்சுக்கிட்டு... எனக்கு வெக்கமா இருக்கு சார். நெசமாவே வெக்கமா இருக்கு.

வேணாம், நீங்க போகாதீங்க. நானே போறேன். வாளி எங்க வெச்சேன்... போயி என்னன்னு ஆரம்பிக்கிறது? மன்னிப்புன்னு எடுத்த எடுப்புல வாயில வராது எனக்கு. பல்லு வலிக்குதுன்னு ஆரம்பிக்கட்டுமா? சார்? ...அதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிட்டீங்களா?