ஏலச்செடி உடுத்திய சேலை

பங்குனி மாத நடுப்பகல். வண்டன்மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் பழைய சேலைகளைக் கட்டிய ஒரு மூட்டை. அவள் சொன்னது என் தூக்கத்துக்குள் நுழைந்தது.

“என் கல்யாணச் சேலைய இப்ப ஏலச்செடிதான் உடுத்தியிருக்கு, அக்கா.”

“ஏட்டி, என்ன சொல்லுத?”

“வெயில் தாங்காம செடியெல்லாம் கருகுது. கம்பு நட்டு, மேல சேலைய விரிச்சுக் கட்டியிருக்கோம். இந்த மூட்டையும் தங்கச்சி வீட்டுல கேட்டு வாங்குனது.”

“நம்ம மலையில இப்படி ஒரு வெயிலா!”

“பொகைய விட்டு விட்டு ஒலகமே சூடாயிருச்சுங்காக. அது யாரு விட்ட பொகையோ. நெழல வெட்டுனது நாங்கதான. வெளிச்சம் விழுந்தா காய் கூடப் புடிக்கும்னு, நானும் எங்க வீட்டுக்காரரும் நின்னுதான் பலாமரத்தையெல்லாம் வெட்டுனோம்.”

ஒட்டுக்கேட்பது முறையல்லதான், ஆனாலும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

“சாயங்காலம் காத்து வந்தா எல்லாச் சேலையும் ஒண்ணா எந்திரிக்கும், அக்கா. மஞ்ச, பச்ச, ஊதான்னு, கோயில் அசனச் சாப்பாட்டுக்கு ஊரே வந்து நிக்காப்ல இருக்கும். வேலைய மறந்து பாத்துக்கிட்டே நிப்பேன்.”

“செடி பொழச்சிருமா?”

“தெரியல.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மூத்தவள் கேட்டாள், “இந்த மூட்டை போதுமாட்டி?”

“காணாது, அக்கா. இம்புட்டையும் விரிச்சாலும் ஒத்தப் பலாமரம் நின்ன எடம் மூடாது.”