மூன்றாவது தட்டு

அவையை அமைதியாய் ஆளும் தலைவர் அவர்களே! ஆலையின் மேலாளர் அவர்களே! உறைந்த மீனை உதறி உதறி உள்ளங்கை மரத்துப்போன தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மெக்கானிக் அண்ணனே! அவர் அருகிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் அண்ணியே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

குளிரறையின் கதவைக் காப்பவள் நான். ஓர் உயிரைக் காத்தவள் என்று கேடயம் தர அழைத்திருக்கிறீர்கள். அதைத் தொடுமுன் பேயைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். சிரிக்காதீர்கள்! பின்வரிசைத் தம்பி, மூன்றாம் குளிரறைப் பக்கம் போகும்போதெல்லாம் உரக்கப் பாடிக்கொண்டே ஓடுகிறவன் நீதானே!

பேயில்லாத நாடு உலகில் உண்டா? பாலைவனத்துக் கதைகளில் பிணந்தின்னும் பேய் புதைகுழியைத் தோண்டும். ஒரு நாட்டுப் பேய்க்குக் காலே கிடையாது. இன்னொரு நாட்டுப் பேய்க்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும். சினிமாப் பேய் வந்தாலோ கதவு தானாகத் திறக்கும். அப்படியிருக்க, நம் மூன்றாம் அறைப் பேய் மட்டும் ஏன் கதவைச் சாத்தியது? கேட்டோமா? கீல் தளர்ந்து கதவு தானே மூடிக்கொண்டது. உட்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்தது. பழுது என்று சொல்லியிருந்தால் பழுது பார்த்திருப்பார்கள். நாம் பேய் என்றோம், பேசாமல் இருந்தோம்.

பேசாமலா இருந்தோம்? சட்டமல்லவா போட்டோம்! உள்ளே மாட்டிக்கொண்டவர் மனிதரென்றால் மூன்று முறை தட்டவேண்டும். ஒரு தட்டுக் குறைந்தாலும் அது பேய், திறக்கக்கூடாது என்று நமக்குள் முடிவு செய்தோம்.

அன்று பகல். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் கடைசியாக மூன்றாம் அறையைக் கடந்தேன். டக். நின்றேன். டக். காத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது தட்டு வரவில்லை.

நான் போய்விட்டேன்.

ஆம், தாய்மார்களே, காதில் விழுந்தும் போய்விட்டேன்! கைகழுவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நான்கு வாய் சாப்பிட்டேன். அப்போது இந்த அண்ணி வந்து கேட்டார்: "ஏம்மா, எங்க வீட்டுக்காரரைப் பாத்தியா? ஃபேன் பாக்கப் போறேன்னு போனாரு, சாப்பிட வரலையே."

டப்பாவை அப்படியே போட்டேன். ஓடினேன். கதவை இழுத்தேன். வாசலிலேயே சுருண்டு கிடந்தார் அண்ணன். முதலில் மூன்று மூன்றாகத்தான் தட்டினாராம், கேட்க ஆளில்லை. நான் வந்தபோது மூன்றாவது தட்டுக்குக் கையில் உயிரில்லை. கண்ணைத் திறந்தவர் என்னிடம் சொன்னார்: "நீ நடந்து போற சத்தம் கேட்டுச்சும்மா."

அவர் இரண்டு விரல்களை இழந்தார். ஆனாலும் அந்தச் சொல்லை இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அண்ணி, அழுங்கள், திட்டுங்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கேடயம் எனக்கு வேண்டாம்.

என்ன சத்தம் அங்கே? "நீ வேணும்னேவா செஞ்சே?" என்கிறீர்களா? வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்று நம் ஆலையில் ஒரு மனிதரைத் தின்னப் பார்த்தது எது? புதைகுழிப் பேயா? இல்லை! என் பயம், உங்கள் பயம், நாம் கூடிப் போட்ட சட்டம்!

மேலாளர் ஐயா, கைப்பிடியை அடுத்த மாதம் மாற்றலாம் என்கிறீர்கள். நாளைக் காலை அந்தக் கைப்பிடி உள்ளே இருக்கவேண்டும். அதுவரை எங்களில் ஒருவரும் உள்ளே போகமாட்டோம். போகமாட்டோம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்!

அண்ணி... நீங்களா முதலில் எழுந்தீர்கள்?

இனி எண்ணமாட்டேன் அண்ணி! ஒரு தட்டு என்றாலும் திறப்பேன். நகம் கீறுகிற சத்தம் என்றாலும் திறப்பேன். உள்ளே நிற்பது உண்மையிலேயே பேய் என்றாலும் திறப்பேன், அதற்கும் குளிருமல்லவா! எழுந்து நிற்கும் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.